முப்பத்தாறு புள்ளி எட்டு

காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது? அந்த ஒரு வாரத்தில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. பாலர் பள்ளி ஆசிரியை கேட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் டாக்டர் கேட்டார். என் கணவர் கேட்டார், அவருடைய அக்கா போனில் கேட்டார், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சொல்பவளுக்கே அது பழகிவிடுகிறது. என் மகளின் உடம்பு மட்டும் அதை நம்பவில்லை.

நேத்ரா இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் நோயைப் பற்றி எதையாவது படிக்கும்போது நான் கடைசிப் பத்தியைத்தான் முதலில் தேடுவேன். அவளுக்கு மூன்றே முக்கால் வயது. இதை எழுதும் இந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து சோபா மெத்தைகளை எல்லாம் தரையில் அடுக்கிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பயணி. எனக்கு இன்னும் இறங்கும் இடம் வரவில்லையாம், அதனால் கொஞ்சம் எழுதலாம்.

நாங்கள் சுவா சூ காங்கில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். கணவர் செந்தில் சாங்கி விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். எங்கள் வீடு தீவின் ஒரு கோடி, அவர் வேலை மறு கோடி. காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். நானும் முன்பு ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நேத்ராவுக்கு இரண்டு வயதானபோது இருவரும் பேசி முடிவெடுத்து விட்டுவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் சலித்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

வீட்டில் இருக்கும் அம்மாவின் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதில் உள்ள கஷ்டம். பால், மாவுக் கஞ்சி, கீழே கொட்டிய மாவுக் கஞ்சி, துணி, மூங்கில் கம்பில் மறுபடியும் துணி. "ஏன்மா?" என்ற கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்மா?" கழிப்பறைக் கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து கதவின் அடியில் ஐந்து விரல் நுழையும். அவளை அரைநாள் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம். எட்டே காலுக்கு விட்டால் பன்னிரண்டரைக்கு அழைத்துவர வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தில் சமையலும் சந்தையும் போக மிஞ்சுவது எனக்கு. அதற்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரத்துக்கு முன்னால் பத்து நாளாக அவளுக்குச் சளி. பள்ளிக்குப் போகவில்லை. பத்து நாளும் நானும் அவளும் நான்கு சுவரும். திங்கட்கிழமை மறுபடியும் பள்ளி என்று நான் மனதுக்குள் ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்தபோது தொடை சுட்டது. வெப்பமானியில் முப்பத்தெட்டு புள்ளி மூன்று செல்சியஸ். எனக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். அதை இங்கே மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

காய்ச்சல் மருந்து கொடுத்தேன், இறங்கியது. மாலையில் செந்தில் வேலை முடிந்து வந்தபோது அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அனுப்பாதே என்பார்.

பாலர் பள்ளி வாசலில் ஒரு சடங்கு உண்டு. நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து வெப்பநிலை பார்ப்பார்கள். கை, கால், வாயில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்ணைப் பள்ளியின் ஆப்பில் பதிவார்கள், அது உடனே அப்பா அம்மா இருவரின் போனுக்கும் வரும். முப்பத்தேழரைக்கு மேல் போனால் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது என்பது இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். மின்தூக்கியில் சந்திக்கும் அம்மாக்கள் அதைப் பற்றிப் பாதி வாக்கியத்தில் பேசி மீதியைச் சிரித்து முடிப்பார்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மருந்து கொடுத்துவிட்டால் வாசலில் காய்ச்சல் இருக்காது. மதியம் வரை தாங்கும்.

அவர்களில் பலருக்கு லீவ் தீர்ந்திருக்கும், முதலாளி முறைப்பார். கேட்பவர்களும் பாவம் என்பார்கள். எனக்கு லீவும் இல்லை, முதலாளியும் இல்லை.

திங்கட்கிழமை ஏழே காலுக்கு மருந்து கொடுத்தேன். வாசலில் முப்பத்தாறு புள்ளி எட்டு. ஆசிரியை நேத்ராவின் தலையைத் தடவி உள்ளே அழைத்துப் போனார். நான் எல்ஆர்டி குட்டி ரயிலில் புக்கிட் பாஞ்சாங் போய், அங்கிருந்து டவுன்டவுன் லைன் ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ஓர் அழகு நிலையத்தில் புருவம் எடுத்துக்கொண்டேன். தேக்கா சந்தையில் ஒரு மசால் தோசை வாங்கி, யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல், ஆறுவதற்கு முன்னால், கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது. அந்த ருசி இன்னும் நினைவிருப்பதுதான் எனக்கு வேதனை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அன்று எங்கும் போகவில்லை, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்தேன். புதன்கிழமையும் கொடுத்தேன். அன்று மருந்து தாங்கவில்லை. பத்தே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து போன். முப்பத்தெட்டு புள்ளி ஆறு, வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். எப்போதிலிருந்து என்று ஆசிரியை கேட்டார். காலையில் நன்றாகத்தான் இருந்தாள் என்றேன்.

செந்திலுக்கு அன்றுதான் தெரியும்.

"எப்போலேர்ந்து ஃபீவர்?"

"இன்னிக்குத்தாங்க. ஸ்கூல்ல இருக்கும்போதே வந்துருச்சு."

"அங்கேயே எந்தப் பிள்ளைகிட்டேர்ந்தாச்சும் ஒட்டியிருக்கும் லா. ரெண்டு நாள்ல போயிரும்."

கிளினிக் டாக்டரும் அதைத்தான் சொன்னார். வைரஸ் காய்ச்சல், முதல் நாள்தானே, பார்ப்போம். வியாழக்கிழமை வயிற்றிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. பிறந்தபோது போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருந்தது. கொசுக்கடி என்று நினைத்து மருந்தெண்ணெய் தடவினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் இரண்டு கண்ணும் சிவந்து, உதடு வெடித்து எழுந்தாள். தண்ணீர் கொடுத்தால் உதடு எரிகிறது என்று தள்ளிவிட்டாள். செந்தில் வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு டாக்சி கூப்பிட்டார்.

பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். சுவரில் தொலைக்காட்சி, அதில் சத்தமில்லாத கார்ட்டூன். எங்களைச் சுற்றி எல்லா அம்மாக்களும் பிள்ளையின் நெற்றியை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தபடி இருந்தார்கள். எங்கள் எண் வந்ததும் ஓர் இளம் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் செந்தில் போனை எடுத்து நீட்டினார்.

பள்ளியின் ஆப். திங்கள் முப்பத்தாறு புள்ளி எட்டு. செவ்வாய் முப்பத்தாறு புள்ளி ஆறு. புதன் காலை மறுபடியும் முப்பத்தாறு புள்ளி எட்டு, பத்தே முக்காலுக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு. டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு துல்லியமாக யாரும் கொண்டுவருவதில்லை என்று பாராட்டிவிட்டு, இன்றைக்கு மூன்றாம் நாள் என்று கணினியில் தட்டினார். செந்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நாம் பொறுப்பான பெற்றோர் என்று அந்தச் சிரிப்பில் இருந்தது.

நான் மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினேன். ஆறு.

பெரும்பாலும் வைரஸாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். வேறொரு நோயையும் மனதில் வைத்திருக்கிறார்களாம், ஆனால் அதைச் சொல்வதற்குப் பொதுவாகக் காய்ச்சல் ஐந்து நாளாவது இருக்கவேண்டும். இவளுக்கு மூன்றுதானே, வார்டில் சேர்த்துக் கவனிப்போம் என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர் எதிரில் இருந்தார், வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். செந்தில் கையில் அந்தப் போன் இருந்தது, அவர் சிரித்தபடி இருந்தார், அது ஒன்று. இன்னொன்று, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ரத்தம் எடுக்கப் போகிறார்கள், எப்படியும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், என் வாயையா நம்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் வாயைத்தான் நம்பியிருந்தார்கள்.

கையில் ஊசி ஏற்றும்போது என்னைக் கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நேத்ரா "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான்தான் அவளை அசையவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கையோடு ஒரு சின்ன அட்டையை வைத்துக் கட்டுப் போட்டார்கள். அழுது ஓய்ந்த பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "ரோபோ கை" என்றாள்.

அன்று மாலை மீனா அக்கா வந்தார். செந்திலின் அக்கா, கிளமெண்டியில் இருக்கிறார், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஒரு துணைப்பாட நிலையத்தில் முகப்பில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அன்றைக்கு வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, குடுவையில் குழைந்த ரசம் சாதமும் எனக்கு மாற்று உடுப்பும் கொண்டுவந்திருந்தார். மாற்றுச் செருப்புகூட இருந்தது. ஆஸ்பத்திரிக் குளியலறையில் வழுக்குமாம்.

"நீ சாப்பிட்டியா இல்லியா? மொதல்ல நீ சாப்பிடு, அப்பறம் அவளுக்கு ஊட்டலாம்."

சாப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புருவம் எடுத்திருக்கியா? நல்லா இருக்கு. எப்போ போன?"

"போன வாரம் அக்கா."

"போகணும் லா. நீயும் மனுஷிதானே." செந்தில் பக்கம் திரும்பினார். "இவ வீட்டோட இருக்கறதாலதான் பிள்ளைக்கு ஒண்ணுன்னா உடனே தெரியுது. என் பசங்க சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க? நான் ஆபீஸ்ல இருப்பேன், அதுங்க பாட்டுக்குக் காஞ்சிக்கிட்டுக் கெடக்கும்."

மீதி ரசம் சாதத்தை மூடி வைத்தேன். திட்டியிருந்தால் விழுங்கியிருப்பேன்.

சனிக்கிழமை காலை நேத்ராவின் கைகளும் பாதங்களும் வீங்கியிருந்தன. உள்ளங்கை குங்குமம் தேய்த்தது போல இருந்தது. வண்ணப் பென்சிலைப் பிடிக்க வரவில்லை என்று கீழே போட்டாள். மூத்த டாக்டர் தன் குழுவோடு வந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், தழும்பைத் தேடிப் பார்த்தார், எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

கவாசாகி நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். "அது பைக் பேராச்சே" என்று செந்தில் தமிழில் முணுமுணுத்தார். பயந்தால் அவருக்கு இப்படித்தான் வரும். நான் புரிந்துகொண்டவரை சொல்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். ஏன் வருகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது. ஒட்டாது. உடம்பிலுள்ள ரத்தக் குழாய்கள் அழற்சியால் வீங்கும். அதில் பயப்படவேண்டியது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். அவை வீங்கிப் பலூன் மாதிரி புடைத்துவிட்டால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை. இந்த நோய்தான் என்று காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண், உதடு, நாக்கு, தடிப்பு, கை வீக்கம் என்று அடையாளங்களைப் பார்த்து, காய்ச்சல் நாட்களை எண்ணித்தான் முடிவு செய்வார்கள். பத்து நாளுக்குள் மருந்து உள்ளே போய்விட்டால் இதயம் தப்பிக்க வாய்ப்பு மிக அதிகம்.

இன்று நான்காம் நாள்தான், அவசரமில்லை என்றார் டாக்டர். நாளைக்கு மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், இதய ஸ்கேனைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். இதயம் என்ற சொல்லைக் கேட்ட பிறகும் நான் பேசவில்லை. டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார். செந்தில் காப்பி வாங்கக் கீழே போனார்.

கௌரி என்ற தாதி அப்போது வேலைக்கு வந்தவர். நம்மூர்ப் பெண், என்னைவிடச் சின்னவர். படுக்கைக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையில் பழைய எண்ணை அழித்துவிட்டு, நான்காம் நாள் என்பதற்குப் பெரிதாக ஒரு 4 போட்டார். நேத்ராவுக்கு அப்போதுதான் எண்கள் வர ஆரம்பித்திருந்தன. எதைப் பார்த்தாலும் வாசிப்பாள்.

"அம்மா, ஃபோர்," என்றாள். வெடித்த உதட்டை அகலமாக விரிக்க முடியாமல் சிரித்தாள். "ஃபோர் கரெக்டா?"

"கரெக்ட் இல்ல," என்றேன்.

கௌரி திரும்பிப் பார்த்தார்.

"ஏழு, சிஸ்டர். ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஃபீவர். காலையில மருந்து குடுத்துட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு நாள். அதான் ஆப்ல வரல."

அவர் ஒரு நொடி பேனாவை மூடாமல் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை மில்லி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"நேத்து ஏன் சொல்லல?"

நேத்ராவின் ரோபோ கையைப் பார்த்தேன்.

"சரி. டாக்டர இப்பவே கூப்பிடுறேன். அவருக்குத் தெரியுமா, ஹஸ்பண்டுக்கு?"

"தெரியாது."

"டாக்டர் வந்தா அவர் முன்னாடிதான் கேப்பாங்க. அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க அக்கா. நான் பிள்ளைய பார்த்துக்கறேன், போங்க."

மின்தூக்கிக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். செந்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிய இரண்டு காப்பிகளைக் கையில் தொங்கவிட்டபடி வெளியே வந்தார், என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நேத்ராவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். சொன்னேன். நீட்டி முழக்காமல் மூன்று வரியில் சொன்னேன். அவர் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தார்.

"அப்ப இது?"

"மருந்து குடுத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"எதுக்கு?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ வீட்டுலதானே இருக்க?"

அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் கடினமானது அதுதான். "கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்போல இருந்துச்சு," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. அவர் ஒரு காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு வார்டுக்குள் நடந்தார். திட்டாமல் போய்விட்டாரே என்று இருந்தது.

அரை மணி நேரத்தில் மூத்த டாக்டர் வந்தார். கேட்டார், பதில் சொன்னேன். அவரும் திட்டவில்லை. காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே ஆரம்பிக்கிறோம் என்று மட்டும் சொன்னார். கௌரி பலகையில் 4-ஐ அழித்து 7 போட்டார். நேத்ரா அதையும் வாசித்தாள்.

மதியமே எக்கோ எடுத்தார்கள். எக்கோ என்றால் கர்ப்பத்தில் வயிற்றில் கூழ் தடவி ஸ்கேன் பார்ப்பார்களே, அதே முறைதான், இங்கே நெஞ்சில். வலிக்காது. ஆனால் பிள்ளை அசையாமல் படுக்கவேண்டும். செந்தில் தன் போனில் பேருந்து வீடியோக்களைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றார், கை மாற்றாமல். நான் திரையைப் பார்த்தேன். நான்கு வருடம் முன்னால் இதே இதயத்தைத்தான் முதன்முதலாகத் திரையில் பார்த்து இருவரும் கையைப் பிடித்துக்கொண்டோம். இப்போது நாங்கள் படுக்கையின் இரண்டு பக்கத்தில் நின்றோம்.

இடது பக்கக் குழாய் சற்றே விரிந்திருக்கிறது என்றார்கள். பலூன் ஆகவில்லை, ஆனால் இருக்கவேண்டிய அளவைவிட அகலம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவை நகத்தில் வைத்துப் பார்க்கக்கூட முடியாது. அதற்குள் என் ஒரு தோசை, ஒரு புருவம், தரையில் படுத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் இருந்தன.

மருந்து என்பது எத்தனையோ பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோயெதிர்ப்புப் புரதம். சொட்டுச் சொட்டாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏறும். ஒவ்வாமை வருகிறதா என்று ஆரம்பத்தில் கால் மணிக்கு ஒரு முறை காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். அதோடு ஆஸ்பிரின், பொடி செய்து தண்ணீரில் கலந்து. அந்த மருந்தை நான் கையில் எடுத்ததும் நேத்ரா வாயைத் திறந்தாள். என்ன, ஏன் என்று கேட்காமல் திறந்தாள். எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிறவள் மருந்துக்கு மட்டும் கேட்டதே இல்லை. என் கையால் கொடுக்க முடியாமல் செந்திலிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

ஞாயிறு மதியம் காய்ச்சல் விட்டது. திங்கட்கிழமை வீக்கம் வடிந்தது, கஞ்சி கேட்டாள், பிறகு கோழி கேட்டாள். செந்தில் என்னோடு பேசியதெல்லாம் டயப்பர், தண்ணீர், போன் சார்ஜர். ஆனால் நான் கண் அசந்தபோதெல்லாம் யாரோ என் மேல் போர்வையை இழுத்துவிட்டிருந்தார்கள். கௌரி என்று நினைத்தேன். கேட்டேன், அவர் இல்லை என்றார்.

மூத்த டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் அந்தக் குழாய் விரிந்திருக்காதா? தெரியாது என்றார். சில பிள்ளைகளுக்கு ஐந்தாம் நாளிலேயே விரிந்திருக்கும், சிலருக்குத் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது, இவளுக்கு எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பத்து நாளுக்குள் சொன்னீர்களே என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆமாம் உன்னால்தான் என்றோ, இல்லை உன்னால் இல்லை என்றோ சொல்லியிருந்தால் வீட்டுக்கு எதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினோம். அடுத்த வாரம் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. இந்த நோய் இறங்கும்போது அப்படி ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தினமும் குறைந்த அளவில் ஆஸ்பிரின். அம்மை கண்ட பிள்ளைகள் பக்கம் போகக்கூடாது, சில தடுப்பூசிகளைப் பல மாதம் தள்ளிப்போட வேண்டும். பள்ளி ஆசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டாதுதானே என்று மட்டும் கேட்டார். ஒட்டாது என்றேன். ஆனால் நான் அனுப்பிய அந்த மூன்று நாளும் அது ஒட்டாது என்று எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ. குழாய் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது என்றார்கள். செந்தில் அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளில் கை வைத்தேன், அவர் தள்ளவில்லை.

அன்று மாலை மீனா அக்கா வீட்டுக்கு வந்தார், சந்தோஷத்தில் பெரிய பாத்திரம் நிறைய பிரியாணியோடு. நேத்ரா அவர் மடியில். சாப்பிட்டுக்கொண்டே அக்கா சொன்னார், "நானும் கேக்கணும்னு நெனச்சேன். மொத நாள் பூரா சும்மா வெச்சிருந்தாங்களே, அந்த டாக்டர்ஸ். ஒரு கம்ப்ளெய்ன் எழுதிப் போட்டா என்ன?"

செந்தில் தட்டைப் பார்த்தபடி, "அவங்க மேல தப்பில்லக்கா," என்றார். "நான்தான் ஆப்பைக் காட்டி நாளைத் தப்பா சொல்லிட்டேன்."

ஆறு வாரமாக என்னோடு சரியாகப் பேசாத மனிதர். அக்கா அவரைத் திட்ட வாயெடுத்தார்.

"அவர் இல்லக்கா, நான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தோசை வரைக்கும்.

அக்கா நேத்ராவின் தலைமுடியை ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

"எனக்கு வேல ரெண்டு மணிக்குத்தானே வனிதா. காலையெல்லாம் சும்மாத்தான் இருக்கேன். கிளமெண்டி என்ன சீனாவுலயா இருக்கு? நாலு ஸ்டேஷன். ஒரு போன் பண்ணிருந்தா ஓடி வந்திருப்பேனே. ஏன் பண்ணல?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. போன் பண்ணினால் அக்கா எதற்கு என்று கேட்பார். என் பிள்ளையோடு இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது, கொஞ்ச நேரம் இவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டி வரும். நான் தேடித் தேடி எடுத்த வாழ்க்கை இது, அதை எப்படி ஒருவரிடம் சொல்வது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.